ஹாம் பீன்ஸ் சூப்: சரக்கு கொஞ்சம், வரிசைதான் முக்கியம்

அமெரிக்க செனட் சபையின் உணவகத்தில் ஒரு சூப் தினமும் கிடைக்கும். பட்டியலில் மற்றது எது மாறினாலும் அது மாறாது. காய்ந்த வெள்ளை பீன்ஸ், புகையூட்டிய பன்றிக்கால், வெங்காயம், கொஞ்சம் வெண்ணெய், உப்பு, மிளகு. மொத்த சரக்கே இவ்வளவுதான். இந்த வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. யார் கொண்டுவந்தது என்பதற்கு இரண்டு கதை சொல்வார்கள். ஐடஹோ மாநிலத்து ஃப்ரெட் டுபாய்ஸ் என்பது ஒன்று, மினசோட்டாவின் கனூட் நெல்சன் 1903இல் கேட்டு வாங்கினார் என்பது இன்னொன்று. டுபாய்ஸ் பெயரில் வழங்கும் செய்முறையில் மசித்த உருளைக்கிழங்கும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1943 செப்டம்பர் 14 அன்று, ரேஷன் காரணமாக பீன்ஸ் போதாமல் சூப் இல்லாமல் போனது. மறுநாள் அது பத்திரிகைச் செய்தியே ஆகிவிட்டது. அடுத்த நாளே எங்கிருந்தோ பீன்ஸ் வந்து சேர்ந்தது, சூப்பும் திரும்ப வந்தது.

இவ்வளவு எளிய சூப்புக்கு இத்தனை மவுசு எதற்கு என்று கேட்கலாம். அமெரிக்க வீடுகளில் இது மிச்சத்திலிருந்து பிறந்த சாப்பாடு. ஈஸ்டருக்கோ கிறிஸ்துமஸுக்கோ ஒரு முழு ஹாம் வாங்குவார்கள். ஹாம் என்பது உப்பில் பதப்படுத்தி, பெரும்பாலும் புகையும் காட்டிய பன்றியின் பின்னந்தொடை. விருந்து முடிந்ததும் எலும்பும், அதில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் இறைச்சியும் மிஞ்சும். அந்த எலும்பை ஒரு பானை பீன்ஸோடு கொதிக்கவிட்டால் குடும்பத்துக்கு இன்னும் இரண்டு மூன்று வேளை ஓடும். அதாவது இந்தச் சூப்பில் வயிற்றை நிரப்புவது பீன்ஸ். ஹாம் அதற்கு மசாலா மாதிரி. இதை மறந்துவிட்டு ஹாம் துண்டுகளை அள்ளிப் போட்டால் உப்புக்கரிசல்தான் மிஞ்சும்.

சரக்கு குறைவாக இருப்பதால் ஒளிந்துகொள்ள இடமில்லை. எது எப்போது பானைக்குள் போகிறது என்பதில்தான் சூப் தேறுவதும் கெடுவதும். அந்த வரிசைக்குப் பின்னால் உள்ள காரணங்களைப் பார்ப்போம்.

எலும்பு ஏன் முதலில்?

ஹாம் எலும்பு கிடைக்காதவர்கள் ஹாம் ஹாக் வாங்குவார்கள். காலில் குளம்புக்கு மேலே இருக்கும் மூட்டுப் பகுதி அது. இறைச்சி கம்மி. தோல், தசைநார், எலும்பு எல்லாம் நிறைய. வறுத்தால் மெல்லவே முடியாது. ஆனால் அந்தத் தோலிலும் நாரிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம் மணிக்கணக்கில் வெந்நீரில் கிடந்தால் ஜெலட்டினாகக் கரையும். ஆட்டுக்கால் சூப் குடித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உதட்டில் லேசாக ஒட்டும் அந்தப் பிசுபிசுப்பு ஜெலட்டின்தான். இந்த மாற்றம் மெதுவாகத்தான் நடக்கும். தீயைக் கூட்டி அவசரப்படுத்த முடியாது. அதனால்தான் ஹாக் முதலில் போகிறது.

பீன்ஸை வேகவிடாத மூன்று விஷயங்கள்

இந்தச் சூப்புக்குப் போடுவது நேவி பீன்ஸ் என்ற சிறிய வெள்ளை ரகம். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கடற்படையின் அன்றாட உணவாக இருந்ததால் வந்த பெயர். நம் கடைகளில் கிடைக்கும் ராஜ்மாவும் இதே இனம்தான், காய்கறிக்கடையில் வாங்கும் பச்சை பீன்ஸும் இதே இனம்தான். எல்லாமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து உலகுக்கு வந்தவை.

பீன்ஸின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்ற பசை. அந்தப் பசை கரைந்தால் பீன்ஸ் மெத்தென்று ஆகும். கரையாவிட்டால் நாலு மணி நேரம் கொதித்தாலும் கல் மாதிரிதான் கிடக்கும். கரையவிடாமல் தடுப்பவை முக்கியமாக மூன்று.

ஒன்று, புளிப்பு. அமிலம் பெக்டினை இறுக வைக்கிறது. தக்காளியோ வினிகரோ எலுமிச்சையோ ஆரம்பத்திலேயே போனால் பீன்ஸ் அடம்பிடிக்கும். பருப்பு வெந்த பிறகுதான் புளி ஊற்ற வேண்டும் என்று நம் வீட்டில் சொல்வது இதே கணக்குதான். செனட் சூப்பில் தக்காளியே கிடையாது. உங்களுக்கு வேண்டும் என்றால் கடைசியில் சேருங்கள்.

இரண்டு, கடினநீர். தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பெக்டினோடு சேர்ந்து அதைக் கெட்டிப்படுத்தும. 'போர் தண்ணியில பருப்பு வேகமாட்டேங்குது' என்ற புலம்பலுக்குப் பின்னால் இருப்பது இதுதான். நல்ல தண்ணீர் இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை சமையல் சோடா உதவும். ஒரு சிட்டிகைதான். கூடினால் சோப்பு வாடை வரும், பி1 வைட்டமினும் அழியும்.

மூன்று, பழைய சரக்கு. சூடும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த பீன்ஸ் எப்படி வேகவைத்தாலும் சரியாக வேகாது. சமைப்பவர் கையில் குற்றமில்லை.

சரி, உப்பு? 'உப்பு போட்டா வேகாது' என்று ஊர் உலகமெல்லாம் சொல்கிறார்கள். ஊறவைக்கும் தண்ணீரில் உப்பு போட்டால் நடப்பது நேர்மாறானது. உப்பிலுள்ள சோடியம், தோலில் இருக்கும் கால்சியத்தை வெளியேற்றி அதன் இடத்தைப் பிடிக்கிறது. தோல் மென்மையாகிறது, வெடிப்பதும் குறைகிறது. ஒரு லிட்டருக்கு 15 கிராம் உப்பு போதும். ஆனால் சூப்பு கொதிக்கும்போது உப்பைத் தொடக்கூடாது. அதற்குக் காரணம் வேறு. ஹாமுக்குள் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பது அது முழுக்க இறங்கிய பிறகுதான் தெரியும். போட்ட உப்பைத் திரும்ப எடுக்க முடியாது.

கொதிக்க வைத்தே ஆகவேண்டும்

இது கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டிய இடம். பச்சை பீன்ஸ் விதையில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சுப் புரதம் உண்டு. சிவப்பு ராஜ்மாவில்தான் மிக அதிகம், வெள்ளை ரகங்களில் குறைவு. வேகாத சிவப்பு ராஜ்மா நாலைந்து தின்றாலே போதும், சில மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம்.

ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று குறைந்தது 30 நிமிடம் கொதிக்க வைக்கச் சொல்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். சிக்கல் எங்கே என்றால் ஸ்லோ குக்கரில். காலையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வேலைக்குப் போவதற்கென்றே செய்த மின்பானை அது. சில நேரம் அதன் உள்சூடு 75 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதில்லை. அந்தச் சூட்டில் நச்சு அழியாது. 80 டிகிரியில் அரைகுறையாக வெந்த பீன்ஸ் பச்சை பீன்ஸைவிட ஐந்து மடங்கு வரை நச்சு கூடியதாகலாம் என்றும் அதே நிர்வாகம் எச்சரிக்கிறது. ஆகவே ஸ்லோ குக்கர்தான் என்றால், பீன்ஸை அடுப்பில் தனியாகக் கொதிக்கவைத்த பிறகு அதில் போடுங்கள். நம் பிரஷர் குக்கரில் இந்தக் கவலை இல்லை, அதன் சூடு 120 டிகிரியை நெருங்கும்.

செய்முறை

ஆறு முதல் எட்டுப் பேருக்கான அளவு இது. 450 கிராம் வெள்ளை பீன்ஸைப் பொறுக்கி, உப்புத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டி அலசுங்கள். வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதியும் இதில் போய்விடும்.

700 கிராம் அளவில் ஹாம் ஹாக், அல்லது விருந்தில் மிஞ்சிய ஹாம் எலும்பு. அதை இரண்டரை லிட்டர் தண்ணீரில் போட்டு, மூடி, சிறு தீயில் ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு பீன்ஸைச் சேர்த்து, தீயைக் கூட்டி 30 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மறுபடி தணியுங்கள். இன்னும் ஒரு மணி நேரம் பிடிக்கலாம், கூடவும் ஆகலாம். கடிகாரத்தை நம்பாதீர்கள். ஐந்தாறு பீன்ஸை எடுத்து நசுக்கிப் பாருங்கள். எல்லாமே நசுங்கினால்தான் வெந்தது என்று அர்த்தம்.

கடைசி அரை மணி நேரத்தில் காய்கறி. ஒரு பெரிய வெங்காயம், இரண்டு கேரட், இரண்டு தண்டு செலரி எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி வெண்ணெயில் வதக்கிச் சேருங்கள். இருந்தால் கொஞ்சம் தைம். ஹாக்கை வெளியே எடுத்து, ஆறியதும் இறைச்சியைப் பிய்த்து, தோலையும் எலும்பையும் ஒதுக்கிவிட்டுத் திரும்பப் போடுங்கள். இவ்வளவு நேரம் வெந்த பிறகும் இறைச்சி இளஞ்சிவப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பதப்படுத்தும்போது சேர்த்த நைட்ரைட்டின் நிறம் அது.

இரண்டு கரண்டி பீன்ஸை எடுத்து மசித்துக் கலந்தால் சூப் தானாகவே கெட்டியாகும். மாவு, கிரீம் எதுவும் வேண்டாம். மிளகு போடுங்கள். உப்பு இப்போதுதான், அதுவும் ருசி பார்த்த பிறகு. பல நேரம் தேவைப்படாது. அரை ஸ்பூன் வினிகர் விட்டால் கொழுப்பின் கனம் கொஞ்சம் குறையும்.

பன்றி சாப்பிடாதவர்களுக்கு அமெரிக்காவிலேயே வழி இருக்கிறது. புகையூட்டிய வான்கோழிக்காலை இதே இடத்தில் வைத்துச் சமைப்பவர்கள் நிறையப் பேர். வரிசை மாறாது. உப்பைக் கடைசியில் பார்ப்பதும் மாறாது.

மிச்சம் பிடித்தால் பானையோடு மேடையில் விட்டுவிடாதீர்கள். கெட்டியான சூப் மெதுவாகத்தான் ஆறும், கிருமிகளுக்கு அந்த நேரம் போதும். தட்டையான பாத்திரங்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வையுங்கள். மூன்று நாலு நாள் தாங்கும். மறுநாள் திறந்தால் அல்வா மாதிரி உறைந்து கிடக்கும். கெட்டுப்போச்சு என்று கொட்டிவிடாதீர்கள், எலும்பிலிருந்து இறங்கிய ஜெலட்டின் அது. கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சூடாக்கினால் பழையபடி சூப்தான்.