ஒரு ‘லைக்’ போட்டால் கைது செய்யலாமா?

உங்கள் தெருச் சாலை குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. படம் எடுத்து, “கவுன்சிலரே, எப்போது சரிசெய்வீர்கள்?” என்று ஃபேஸ்புக்கில் போடுகிறீர்கள். “எதுக்கு வம்பு? எடுத்துடு” என்கிறார்கள் வீட்டில். எடுக்கத்தான் வேண்டுமா? வேண்டாம். ஏன் என்று பார்ப்போம்.

பேசும் உரிமை இணையத்திலும் உண்டா? உண்டு. அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துரிமை, டீக்கடைப் பேச்சுக்கு மட்டுமல்ல, இணையப் பேச்சுக்கும் பொருந்தும். காஷ்மீர் இணைய முடக்க வழக்கில், 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது.

பிறகு ஏன் வீட்டில் பயப்படுகிறார்கள்? பயத்துக்குக் காரணம் உண்டு. 2012 நவம்பரில் சிவசேனா தலைவர் பால் தாக்கரே மறைந்தபோது மும்பையில் கடைகள் அடைக்கப்பட்டன. அதைக் கேள்வி கேட்டு ஓர் இளம்பெண் ஃபேஸ்புக்கில் எழுதினார். தோழி அதற்கு ‘லைக்’ போட்டார். மும்பைக்கு அருகிலுள்ள பால்கர் ஊர்ப் போலீசார் இருவரையும் கைது செய்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்பு, மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதிய புதுச்சேரிக்காரர் ஒருவரும் கைதானார்.

எந்தச் சட்டத்தில்? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில். ‘மிகவும் புண்படுத்தும்’ செய்தியை அனுப்பினால் 3 ஆண்டு வரை சிறை என்றது அது. எது புண்படுத்துவது என்று மட்டும் சொல்லவில்லை. படிக்கிறவரின் மனநிலையைப் பொறுத்து நீங்கள் குற்றவாளி.

அந்தப் பிரிவு இன்னும் இருக்கிறதா? இல்லை. ஸ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண் தொடுத்த வழக்கில், 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விவாதிப்பதும் ஒரு கருத்துக்காக வாதாடுவதும் உரிமை; குற்றம் செய்யத் தூண்டும்போதுதான் சட்டம் குறுக்கிடலாம் என்றது. அதன்பிறகும் சில இடங்களில் போலீசார் 66ஏ-யில் வழக்குப் போட்டார்கள். யார் மீதும் இனி அப்படி வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட்டது. ஆகவே, உங்களிடம் யாராவது 66ஏ என்றால், “அது ரத்தாகிவிட்டதே, ஐயா” என்று பணிவாகச் சொல்லலாம்.

அப்படியானால் எதையும் எழுதலாமா? முடியாது. அவதூறு, ஆபாசம், மிரட்டல், சாதி மதப் பகையைத் தூண்டுவது ஆகியவற்றுக்கு வேறு சட்டங்கள் உள்ளன. “சாலை மோசம், கவுன்சிலர் கவனிக்கவில்லை” என்பது விமர்சனம். “சாலைப் பணத்தை அவர் தின்றுவிட்டார்” என்று ஆதாரமில்லாமல் எழுதினால் அவதூறு வழக்கு வரலாம்.

நான் எழுதவில்லையே, ஃபார்வர்டுதானே செய்தேன்? இந்தச் சமாதானம் எடுபடாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவை 2018-இல் பகிர்ந்த நடிகர் எஸ்.வி.சேகர், பதிவை நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் வழக்கை ரத்து செய்ய 2023-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அனுப்பும் முன் ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.

வாட்ஸ்அப் குரூப் அட்மின் என்றால்? உறுப்பினர் போட்டதற்கு, அட்மினாக இருந்த ஒரே காரணத்துக்காக உங்களைக் குற்றவாளியாக்க முடியாது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021-இல் ஒரு வழக்கில் இதையே சொன்னது.

போலீஸ் கூப்பிட்டால்? பதற வேண்டாம், ஒளியவும் வேண்டாம். 7 ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் எடுத்ததும் கைது செய்வது வழக்கமாகிவிடக் கூடாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2014-ஆம் ஆண்டு தீர்ப்பு. கைது தேவையில்லை என்றால், விசாரணைக்கு வரச்சொல்லி எழுத்தில் அறிவிப்பு (நோட்டீஸ்) தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். சொன்ன நாளில் போங்கள். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். உங்கள் பதிவை, நாளும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது நல்லது.

நிறுவனமே பதிவை நீக்கிவிட்டால்? அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு (புகார்களை விசாரிப்பவர்) எழுதுங்கள். அவர் முடிவு சரியில்லை என்றால், மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாட்களுக்குள் இணையம் வழியாகவே மனுச் செய்யலாம்.

இப்போது அந்தச் சாலைப் பதிவைத் திறந்து பாருங்கள். படம் நீங்கள் எடுத்தது. குழி கண்ணுக்குத் தெரிகிறது. கேள்வி, பதில் சொல்ல வேண்டியவரிடம் கேட்டது. நிரூபிக்க முடியாத வரி ஏதாவது இருந்தால் அதை மட்டும் எடுத்துவிடுங்கள். மற்றது அப்படியே இருக்கட்டும்.