கூண்டுக்குள் ஒரு வில்லன்!

உங்க பேக்ல இருக்கிற தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் வெளியே எடுங்க. அதுல 'பி.பி.ஏ. ஃப்ரீ'னு போட்டிருக்கா? 'அப்பாடா, நம்ம பாட்டில் சேஃப்'னு நிம்மதியா இருக்கீங்களா? அவசரப்படாதீங்க. அந்த மூணு எழுத்துக்குப் பின்னால ஒரு துப்பறியும் கதையே இருக்கு. துப்பறிந்தவர், அமெரிக்க விஞ்ஞானி பாட்ரீஷியா ஹன்ட்.

வருடம் 1998. இடம், கிளீவ்லாந்து நகரத்தின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம். பெண்களுக்கு வயது ஏற ஏற, கருமுட்டையில் குரோமோசோம் எண்ணிக்கை ஏன் தப்பாகிறது என்பதுதான் ஹன்ட்டின் ஆராய்ச்சி. அந்த எண்ணிக்கை ஒன்று கூடினாலோ குறைந்தாலோ கரு கலைந்துபோகலாம். டவுன் சிண்ட்ரோம் போன்ற பாதிப்போடு குழந்தை பிறக்கலாம். இதைப் புரிந்துகொள்ள சுண்டெலிகளின் கருமுட்டைகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து வந்தார்.

இந்த மாதிரி ஆராய்ச்சிகளில் 'கன்ட்ரோல் குரூப்' என்று ஒன்று இருக்கும். எதுவும் செய்யாமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மட்டுமே வைத்திருக்கும் எலிகள். வழக்கமாக அவற்றின் முட்டைகளில் 100-க்கு ஒன்றிரண்டில்தான் குரோமோசோம்கள் வரிசை தப்பி நிற்கும். திடீரென்று அது 40 ஆக எகிறியது! சும்மா இருந்த எலிக்கு என்ன ஆச்சு?

'எங்கேயோ கணக்கு தப்பிடுச்சு'னு அந்த ரிசல்ட்டைக் குப்பையில் போட்டிருக்கலாம். ஹன்ட் போடவில்லை. ஆய்வுக்கூடத்தில் என்ன மாறியிருக்கிறது என்று துருவ ஆரம்பித்தார். கூண்டு கழுவுற இடத்தில் மாட்டியது க்ளூ. எலிகளின் கூண்டும் தண்ணி பாட்டிலும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். மைல்டான சோப்புக்குப் பதிலாக, தரை கழுவும் காரமான திரவத்தில் அவற்றைத் தவறுதலாகக் கழுவியிருந்தார்கள். பிளாஸ்டிக் அரித்துப்போய், அதிலிருந்து பிஸ்பீனால்-ஏ, அதாவது பி.பி.ஏ., கசிந்திருக்கிறது.

சந்தேகம் மட்டும் போதுமா? வேண்டுமென்றே கூண்டுகளை அதே திரவத்தால் கெடுத்துப் பார்த்தார்கள். எலிகளுக்கு நேரடியாக பி.பி.ஏ. கொடுத்தும் பார்த்தார்கள். மறுபடி அதே கோளாறு! 2003-ல் 'கரன்ட் பயாலஜி' இதழில் முடிவுகள் வெளியாயின.

டூப்ளிகேட் சாவி

ஹார்மோனை ஒரு சாவின்னு வெச்சுக்கங்க. செல்லில் அதற்கென்று ஒரு பூட்டு இருக்கும். பி.பி.ஏ., ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மாதிரியே நடிக்கிற டூப்ளிகேட் சாவி. ஹார்மோன்கள் வேலை செய்வதே துளியூண்டு அளவில்தான். அதனால 'கொஞ்சம்தானே'ன்னு இதை விட்டுட முடியாது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? செயற்கை ஈஸ்ட்ரோஜன் தேடிக்கொண்டிருந்த இங்கிலாந்து விஞ்ஞானி சார்லஸ் டாட்ஸ், பி.பி.ஏ.வின் இந்த குணத்தை 1936-லேயே கண்டுபிடித்துவிட்டார். அதற்கு அப்புறம்தான் அது பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளாகவே ஆனது!

2007-ல் ஹன்ட் குழு இன்னொரு அதிர்ச்சி கொடுத்தது. கர்ப்பமாக இருக்கிற எலிக்கு பி.பி.ஏ. கொடுத்தால், வயிற்றுக்குள் இருக்கும் பெண் குட்டியின் கருமுட்டைகள் உருவாகும்போதே கோளாறாகின்றன. அந்த முட்டைகள்தானே நாளைய பேரக்குட்டிகள்? ஆக, ஒரே அடியில் மூணு தலைமுறை!

வேஷம் மாறிய வில்லன்

எதிர்ப்பு கிளம்பியதும் கம்பெனிகள் பி.பி.ஏ.வுக்குப் பதில் பி.பி.எஸ். போன்ற அதன் 'கஸின்'களைப் பயன்படுத்த ஆரம்பித்தன. ஸ்டிக்கரும் வந்தது. இதற்குள் ஹன்ட், வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மாறியிருந்தார். அங்கே கூண்டுகள் பாலிசல்ஃபோன் என்ற வேறு பிளாஸ்டிக். ஆனாலும் கன்ட்ரோல் எலிகளில் மறுபடி குழப்பம்! பார்த்தால், சேதமான கூண்டுகளிலிருந்து கசிந்தது பி.பி.எஸ். இந்தப் புது ரசாயனங்களும் எலிகளின் கருமுட்டை, விந்தணு உருவாவதைக் கெடுக்கின்றன என்று 2018-ல் அறிவித்தார்.

இதெல்லாம் எலிகளில் பார்த்தது. மனிதர்களுக்கும் அப்படியே நடக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதுக்காக அலட்சியமும் வேண்டாம். ஒரு மனிதர் தினமும் தாங்கக்கூடிய பி.பி.ஏ. அளவை, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் 20,000 மடங்கு குறைத்தது. உணவு படுகிற பொருட்களில் பி.பி.ஏ.வுக்குத் தடை விதிக்கும் சட்டத்தை ஐரோப்பிய யூனியன் 2024 டிசம்பரில் கொண்டு வந்தது.

நீங்க என்ன பண்ணலாம்? சூடான சாம்பாரையும் டீயையும் பிளாஸ்டிக்கில் ஊத்தாதீங்க. மைக்ரோவேவில் பிளாஸ்டிக் டப்பாவை வைக்காதீங்க. கீறல் விழுந்த, மங்கிப்போன பிளாஸ்டிக் பாட்டிலுக்கு குட்பை சொல்லுங்க. எவர்சில்வர் பாட்டில் பெஸ்ட். ஏ.டி.எம். ரசீது மாதிரி வழுவழு பேப்பரிலும் பிஸ்பீனால் இருக்கலாம். கையில் கசக்கிக்கொண்டே இருக்காதீங்க.

அடுத்த தடவை கடையில 'பி.பி.ஏ. ஃப்ரீ'னு பாட்டிலை நீட்டினா, சிரிச்சுக்கிட்டே ஒரு கேள்வி கேளுங்க: "சரிண்ணே, அதுக்குப் பதிலா என்ன போட்டிருக்காங்க?"