பெயர் போயிற்று, உயிர் போகவில்லை!

வாசலில் மாட்டியிருக்கும் பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டால் வீட்டுக்குள் இருப்பவர் மறைந்து விடுவாரா? மாட்டார் அல்லவா? யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலை 'அழிப்பது' ஏறக்குறைய இந்தக் காரியந்தான்.

1969-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கி வைத்த யூனிக்ஸிலும் சரி, அதன் அடியொற்றி வந்த லினக்ஸிலும் சரி, ஃபைலின் பெயர் வேறு, ஃபைல் வேறு. நாம் அழிக்கும்போது போவது பெயர்தான். ஏதாவதொரு புரோகிராம் அதைத் திறந்து வைத்திருக்கும் வரையில் உள்ளே இருப்பதெல்லாம் பத்திரம். கடைசிப் பெயரும் போய், கடைசி ஆசாமியும் மூடிய பிறகே இடம் காலியாகும்.

இதனால் ஒரு வேடிக்கை. டிஸ்க் நிரம்பிவிட்டதே என்று பெரிய லாக் ஃபைலை அழிக்கிறீர்கள். ஓர் அங்குலங்கூடக் காலியாவதில்லை! 'டிஎஃப்' கட்டளை, 'நிரம்பியிருக்கிறது' என்கிறது. பெயர்களைப் பார்த்துக் கூட்டும் 'டியூ', 'இல்லையே' என்கிறது. இரண்டுமே பொய் சொல்லவில்லை. பெயரிழந்த ஃபைலைப் பிடித்துக்கொண்டிருப்பவர் யாரென்று 'எல்எஸ்ஓஎஃப்' காட்டிக் கொடுத்துவிடும். அந்தப் புரோகிராமை மறுபடி தொடங்கினால் தீர்ந்தது.

கை தவறி முக்கியமான ஃபைலையே அழித்துவிட்டீர்களா? அப்போது இதே வேடிக்கை வரப்பிரசாதமாகும். பதற்றத்தில் புரோகிராமை மூடாதீர்கள், மெஷினையும் நிறுத்தாதீர்கள். லினக்ஸில் 'பிராக்' டைரக்டரிக்குள் அந்தப் புரோகிராமின் எண், அதற்குள் 'எஃப்டி' என்று போய்ப் பாருங்கள். ஃபைல் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். வேறு பெயரில் காப்பி எடுத்துக் கொள்ளலாம். ஆனால் எடிட்டர்கள் பல, ஃபைலைப் படித்தவுடனே மூடிவிடும். அங்கே இந்த வைத்தியம் பலிக்காது.

இன்னொரு மெஷினின் டிஸ்க்கை நெட்வொர்க் வழியே உபயோகிப்பவர்கள் சற்று ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். சன் கம்பெனியார் 1984-ல் கொண்டுவந்த என்.எஃப்.எஸ். முறையின் ஆரம்பப் பதிப்புகளில், யார் எதைத் திறந்திருக்கிறார்கள் என்ற ஞாபகமே சர்வருக்குக் கிடையாது. ஆகவே நம் கம்ப்யூட்டரே, அழிக்கச் சொன்ன ஃபைலுக்குப் புள்ளியில் ஆரம்பிக்கும் மாறுவேஷப் பெயர் ஒன்றைச் சூட்டி ஒளித்து வைக்கிறது. 'அசட்டுப் பெயர் மாற்றம்' என்று நிபுணர்களே இதைக் கேலி செய்கிறார்கள். வேறொரு மெஷினிலிருந்து ஒருவர் அழித்தாலோ இந்த மாறுவேஷமும் உதவாது. படித்துக்கொண்டிருக்கும்போதே ஃபைல் பறிபோகும். விண்டோஸ் கண்டிப்புக்காரர், திறந்திருக்கும் ஃபைலை அழிக்கச் சாதாரணமாக அனுமதிப்பதேயில்லை.

தாற்காலிக ஃபைலில் புதிய பிரதியை எழுதி, 'எஃப்ஸிங்க்' மூலம் டிஸ்க்கில் சேர்ந்ததை உறுதி செய்து, பின்பு பழைய பெயரைச் சூட்டுவது நல்ல வழக்கம். அதைப் பழைய ஃபைல் இருக்கும் டைரக்டரியிலேயே எழுதுங்கள். 'டிஎம்பி'யில் எழுதினால், அது வேறு ஃபைல் சிஸ்டமாக இருக்கக்கூடும். அப்போது வெறும் பெயர் மாற்றம் நடவாது. 'எம்வி' கட்டளை சத்தமில்லாமல் காப்பி செய்யத் தொடங்கும். நடுவில் கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் பாதிதான்!