நாற்காலி வாங்கும் முன் திருப்பிப் பாருங்கள்!



நான்கு மாதம் முன்பு மாத்தூர் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். உட்கடன் கேட்டு மூன்று பேர் மனு கொடுத்திருந்தார்கள். ஒருவர் மகனின் பாலிடெக்னிக் கட்டணத்துக்கு. இன்னொருவர் கறவை மாட்டுக்கு. மூன்றாவது அக்கா சோபா செட்டுக்கு, 24,000 ரூபாய். மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், வீட்டில் நாலு பிளாஸ்டிக் சேரைத் தவிர ஒன்றும் இல்லை என்றார்.

"ஏன்க்கா, உங்க மாமியார் காலத்து தேக்கு பெஞ்சு ஒண்ணு திண்ணையில கிடந்துச்சே?" என்று குழுத் தலைவி கேட்டார்.

"அதைப் பழைய சாமான்காரர்கிட்ட போட்டுட்டேன். முந்நூறு ரூபா கொடுத்தார்."

எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த முந்நூறு ரூபாய் மனதை அரித்துக்கொண்டே வந்தது. அதனால்தான் இந்த மாதம் மரச்சாமான் பற்றி எழுதுகிறோம். "இதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இது நம் கடன், நம் சேமிப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

ஒரு அரசாங்கமே செய்த தவறு

பழைய மரச்சாமானைக் காசுக்கு ஆகாததாக நினைப்பது நம் ஊரில் மட்டும் நடக்கவில்லை. 1947-இல் நாடு பிரிந்தபோது பஞ்சாபின் தலைநகரம் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. நம் பக்கத்துப் பஞ்சாபுக்காகப் புதிதாகக் கட்டிய நகரம்தான் சண்டிகர். 1951-இல் அதைத் திட்டமிடும் பொறுப்பை ஏற்றவர் லெ கொர்பூசியே என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். அவருடைய உறவினர் பியர் ஜான்னரே, சண்டிகரிலேயே பல வருடம் தங்கி வேலை பார்த்தார்.

கட்டடம் எழுந்தால் போதுமா? அலுவலகம், நீதிமன்றம், கல்லூரி, நூலகம் எல்லாவற்றுக்கும் ஆயிரக்கணக்கில் நாற்காலி, மேசை, பெஞ்சு வேண்டும். ஜான்னரேவும் அவருடன் இருந்த இந்தியக் குழுவும் அவற்றை வடிவமைத்தார்கள். அந்தக் குழுவில் யூலி சௌத்ரி என்ற பெண்ணும் இருந்தார். நம் நாட்டின் முன்னோடிப் பெண் கட்டடக் கலைஞர்களில் ஒருவர் அவர். செய்தவர்கள் அந்தப் பகுதித் தச்சர்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

அந்த நாற்காலி எப்படி இருக்கும்? தேக்குச் சட்டம். உட்காரவும் சாயவும் பிரம்புப் பின்னல். பக்கவாட்டில் பார்த்தால் காலிரண்டும் கவிழ்த்த 'ப'னாவைக் கூராக்கியது போல, மேலே சேர்ந்து கீழே விரிந்திருக்கும். பூவேலை இல்லை, மெத்தை இல்லை, பளபளப்பு இல்லை. அவ்வளவுதான்.

பல வருடம் கழித்து பிரம்பு கிழிந்தது, கால் ஆடியது. மொட்டை மாடியிலும் கொல்லையிலும் குவித்துப் போட்டார்கள். பிறகு கழிவுச் சாமான் என்று அடிமாட்டு விலைக்கு ஏலம் விட்டார்கள். வெளிநாட்டு வியாபாரிகள் வந்து வாங்கிப் போய், பழுது பார்த்து, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்றார்கள். அங்கே ஏலத்தில் பல லட்சம் ரூபாய்க்குப் போனது! அதன் பிறகுதான் இங்கே விழித்துக்கொண்டார்கள். 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம், அந்த மரச்சாமான்களை விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். உங்கள் பாட்டி வீட்டு பெஞ்சுக்கு லட்சம் கிடைக்கும் என்று யாரும் கனவு காண வேண்டாம். சண்டிகர் நாற்காலிக்கு அந்த விலை வந்ததற்கு அந்த நகரத்தின் பெயரும் வரலாறும் காரணம். ஆனால் அறுபது எழுபது வருடம் கழித்தும் அதில் ஒருவர் உட்கார முடிகிறதே, அதற்குக் காரணம் பெயர் அல்ல. செய்த விதம்.

புதுச்சேரியில் ஒரு சாட்சி

சண்டிகர் தூரம் என்றால் பக்கத்தில் புதுச்சேரி இருக்கிறது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துக்குச் சொந்தமான 'கோல்கொண்டா' என்ற தங்குமிடத்தை 1937-இல் கட்டத் தொடங்கினார்கள். வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட். உடனிருந்து வேலையைப் பார்த்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் நாகாஷிமா. இவர் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். பின்னாளில் மர வேலையில் உலகப் பெயர் பெற்றார்.

அங்கே அறைகளுக்குச் செய்த சாமான்களும் தேக்குதான், எளிமைதான். ஒருவர் தங்க என்ன தேவையோ அது மட்டும். கதவு ஜன்னலுக்கு வேண்டிய கீல், கைப்பிடிக்கு எங்கே போனார்கள் தெரியுமா? ஆசிரமத்தில் இருந்தவர்கள் கொடுத்த பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி வார்த்துக்கொண்டார்கள். பழையதைத் தூக்கி எறியாமல் நல்ல வேலைக்கு மாற்றினார்கள் பாருங்கள்.

எளிமையானது ஏன் நிலைக்கிறது?

முதலாவது, எதையும் மறைக்க முடியாது. மேலே துணியும் பஞ்சும் போர்த்திய சோபாவுக்குள் என்ன மரம் என்று நமக்குத் தெரியாது. சட்டம் வெளியே தெரியும் நாற்காலியில் தச்சர் ஏமாற்ற முடியாது.

இரண்டாவது, பழுது பார்க்கலாம். பிரம்பு கிழிந்தால் பிரம்பை மட்டும் மாற்றினால் போதும், சட்டம் அப்படியே இருக்கும். பார்வையற்ற சகோதரர்கள் பலர் இந்தப் பின்னல் வேலையில் கைதேர்ந்தவர்கள். நாம் கொடுக்கும் கூலி அவர்கள் வீட்டுக்குப் போகும்.

மூன்றாவது, நம் வெயிலுக்கு ஏற்றது. பின்னல் துளை வழியாகக் காற்று போகும், முதுகு வேர்க்காது.

நான்காவதை நம் போன்ற பெண்கள்தான் சொல்வோம். கால் உயரமாக இருந்தால் அடியில் துடைப்பம் போகும்! ஒரு ஆளே தூக்கி நகர்த்தலாம். சோபாவுக்கு அடியில் பெருக்க இரண்டு பேர் வேண்டும்.

இன்னொன்று, பூவேலையும் மினுமினுப்பும் ஐந்து வருடத்தில் பழைய மோஸ்தர் ஆகிவிடும். நேர்கோடாக, அளவாக இருப்பது எந்தக் காலத்திலும் கண்ணை உறுத்தாது.

நம் பகுதியில் என்ன நடக்கிறது?

கம்பெனிகள் வந்த பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வாடகை ரூம்கள் பெருகிவிட்டன. பிள்ளைகள் ரூம் காலி செய்யும்போதெல்லாம் தெருவோரம் பாருங்கள். உடைந்த கம்ப்யூட்டர் டேபிள், பிளந்த ஷூ ரேக், கதவு தொங்கும் அலமாரி. எல்லாம் மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்த பலகை. மேலே மரம் போலவே காகிதம் ஒட்டியிருக்கும். தண்ணீர் பட்டால் ஊதிப்போகும், திருகாணி ஒருமுறை கழன்றால் மறுபடி பிடிக்காது.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வீடு வீடாகப் போனபோது இதைக் கண்ணாலேயே பார்த்தோம். ஒரு வீட்டில் தவணையில் வாங்கிய அலமாரி, டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்து கிடந்தது. தவணை மட்டும் உதிரவில்லை. இன்னும் ஏழு மாதம் பாக்கி! அதே வீட்டின் மர பெஞ்சைக் கழுவி, நிழலில் காயவைத்து, அதன்மேல்தான் எங்களை உட்காரச் சொன்னார்கள்.

சும்மா ஒரு கணக்கு

24,000 ரூபாய் உட்கடன், மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, மாதம் 1,000 அசல் வீதம் 24 மாதம் என்று வைத்துக்கொள்வோம். குறையும் அசலுக்கு வட்டி போட்டால் மொத்த வட்டி 3,000. ஆக 27,000.

அந்த சோபா மூன்று வருடம் உழைத்தால், வருடத்துக்கு 9,000 ரூபாய்.

அதே தொகையில் நல்ல மரத்தில் ஒரு பெஞ்சும் இரண்டு நாற்காலியும் செய்து, இருபது வருடத்தில் மூன்று முறை 2,000 செலவில் பழுது பார்த்தால் மொத்தம் 33,000. வருடத்துக்கு 1,650 ரூபாய்தான்.

விலை குறைவானது எது? நீங்களே சொல்லுங்கள்.

வாங்கும் முன் ஐந்து சோதனை

1. திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம்தான் உண்மை பேசும். ஒரு சட்டத்தில் துளை போட்டு, மற்றதன் நுனியைச் செதுக்கி அதில் இறக்கியிருந்தால் நல்ல வேலை. வெறும் ஆணியும் பசையும் என்றால் யோசியுங்கள்.

2. ஆட்டிப் பாருங்கள். மூலைக்கு மூலை அழுத்தினால் 'கிரீச்' சத்தம் வரக் கூடாது.

3. உள்ளே என்ன என்று கேளுங்கள். "மரம்தாம்மா" என்றால் விடாதீர்கள். என்ன மரம்? பிளைவுட்டா? தூள் பலகையா? பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

4. நம் ஊர்த் தச்சரால் பழுது பார்க்க முடியுமா என்று யோசியுங்கள்.

5. கம்பெனி பேக்கிங் மரத்தில் செய்தது என்றால் முத்திரையைப் பாருங்கள். 'ஹெச்.டி.' என்றால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது. 'எம்.பி.' என்றால் விஷப் புகை போட்டது, வீட்டுக்கு வேண்டாம். முத்திரையே இல்லாததும் வேண்டாம். நல்ல பேக்கிங் மரமும் மென்மையான மரம்தான். கரையானுக்கும் மழைக்கும் தாங்காது.

வீட்டில் பழைய பெஞ்சு, நிலைக்கதவு, பிரம்பு நாற்காலி இருந்தால், பழைய சாமான்காரரைக் கூப்பிடும் முன் தச்சரைக் கூப்பிடுங்கள்.

அந்த அக்கா என்ன செய்தார்?

குழு அவருக்குக் கடன் மறுக்கவில்லை. மறுக்கவும் கூடாது. பெண் பார்க்க வருகிற வீட்டில் கௌரவம் என்பது சின்ன விஷயம் இல்லை. இரண்டு கூட்டம் பேசினார்கள். அவருடைய பழைய ஓட்டு வீட்டை இடித்தபோது எடுத்து வைத்த நிலைச்சட்டங்கள் கொல்லையில் கிடந்தன. 9,000 ரூபாய் மட்டும் கடன் வாங்கி, உள்ளூர்த் தச்சரை வைத்து அந்த மரத்திலேயே ஒரு பெஞ்சும் இரண்டு நாற்காலியும் செய்தார்.

போன வாரம் பார்த்தபோது கேட்டோம், "வந்தவங்க என்ன சொன்னாங்க?"

"பெஞ்சைப் பத்தி ஒண்ணும் சொல்லலை மேடம். நல்லா சாஞ்சு உட்கார்ந்து ரெண்டு தடவை காபி வாங்கிக் குடிச்சாங்க" என்றார். பதில் இன்னும் வரவில்லையாம். மூன்று தவணை கட்டிவிட்டார்.

மாமியாரின் பெஞ்சு மட்டும் திரும்பி வரவில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசுங்கள். முடிந்தால் அதன்மேல் உட்கார்ந்தே பேசுங்கள்.