பெரிலியத்தைக் குளிரவைத்தால் நியூட்ரானுக்கு வழி கிடைக்கும்

பெரிலியம் என்ற உலோகத்துக்கு ஒரு விநோதக் குணம் உண்டு. நொடிக்கு 1,000 மீட்டருக்கு மேல் வேகமாக வரும் நியூட்ரான்களை அது நாலாபுறமும் சிதறடிக்கும். அதைவிட மெதுவாக வருபவற்றைப் பெரும்பாலும் போகவிட்டுவிடும். வேகமாக வருவதுதானே தாண்டிப் போக வேண்டும்? இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவியான நான், இந்தப் பருவத்தின் கணினிப் பணிக்கு இந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டேன்.

நியூட்ரான் ஓர் அலையும்கூட. வேகம் குறையக் குறைய அதன் அலைநீளம் கூடும். படிகத்தின் அணு அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றுசேர்ந்து வலுப்பெற, அலைநீளம் அடுக்கு இடைவெளியின் இரு மடங்கைத் தாண்டக்கூடாது. எக்ஸ்ரே பாடத்தில் வரும் அதே பிராக் விதிதான். பெரிலியத்தில் அந்த எல்லை சுமார் 4 ஆங்ஸ்ட்ரோம். என்ரிகோ ஃபெர்மியும் சக ஆய்வாளர்களும் 1940களிலேயே கிராஃபைட்டை வைத்து இப்படி நியூட்ரான்களை வடிகட்டியிருக்கிறார்கள்.

கணக்கு இத்துடன் முடிந்திருந்தால் ஒரே மாலையில் எழுதி அனுப்பியிருப்பேன். ஆனால் திண்மத்தில் அணுக்கள் சும்மா இருப்பதில்லை, அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. மெதுவான நியூட்ரானிடம் இருப்பதோ மிகச் சொற்ப ஆற்றல். அதிரும் அணு தன் ஆற்றலில் கொஞ்சத்தைக் கொடுத்தாலே போதும், நியூட்ரான் திசைமாறி வேகமாக ஓடிவிடும். எனவே, எந்த அதிர்வு எவ்வளவு இருக்கிறது என்ற பட்டியலைக் கணினிக்குக் கொடுத்து, ஓர் அதிர்வு, இரண்டு அதிர்வு என்று படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

அணுக்களைத் தனித்தனியாகப் பறக்கும் வாயுவாகக் கருதும் சுலபமான வழியும் உண்டு. மெதுவான நியூட்ரானுக்கு அது உதவாது. சுண்டினால் ஓடும் கேரம் காயும் பலகையோடு ஒட்டிய காயும் ஒன்றா? ஹைட்ரஜனில் இந்த வேறுபாடு பெரிது: தனி அணுவின் சிதறல் பரப்பு சுமார் 20 பார்ன், கட்டுண்ட அணுவுக்கோ ஏறக்குறைய 80.

10 சென்டிமீட்டர் பெரிலியக் கட்டியை அறை வெப்பநிலையில் வைத்துக் கணக்கிட்டபோது, 5 ஆங்ஸ்ட்ரோம் நியூட்ரான்களில் ஏறக்குறைய பாதிதான் நேராக மறுபக்கம் வந்தது. திரவ நைட்ரஜனின் 77 கெல்வினுக்கு இறக்கியதும் பத்தில் ஒன்பதுக்கும் மேல் வந்தது. குளிரிலும் அணுக்களின் நடுக்கம் முழுதாக நிற்பதில்லை. ஆனால் எஞ்சியிருக்கும் அந்த நடுக்கத்திலிருந்து நியூட்ரானுக்குக் கொடுக்க ஆற்றல் கிடையாது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பிரான்சின் கிரனோபிளில் உள்ள ஆய்வு அணுஉலை 58 மெகாவாட். நம் பாங்கியில் 1982 முதல் இயங்கும் ட்ரிகா உலை 1 மெகாவாட். அவ்வளவு சிறிய உலையில் பாதி நியூட்ரானை வழியிலேயே இழந்தால், ஒரு மாதிரியை அளக்க இரு மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும். பெரிலியத் தூளோ நுரையீரலுக்குக் கேடு. நினைத்தபோதெல்லாம் வெட்டிச் சோதித்துப் பார்க்க முடியாது. முதலில் கணினியில் போட்டுப் பார்ப்பதுதான் உத்தமம்.

அடுத்து கிராஃபைட். அதன் எல்லை 6.7 ஆங்ஸ்ட்ரோம். அடுக்குகளுக்குள் ஒரு விதமாகவும் அடுக்குகளுக்கிடையே வேறு விதமாகவும் அதிர்வதால், என் நிரலின் பாதியைத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது.