புது யூனிபார்ம் எடுக்கும் முன்னாடி பிள்ளையை ஒருதரம் வாசிக்க வைத்துப் பாருங்கள்!

நாகர்கோவில்:

பரீட்சை முடிந்து விட்டது. குமரி மாவட்டத்தில் பிள்ளைகள் எல்லாம் இப்போது முற்றத்திலும், மாமா வீட்டிலும், தோப்பிலும்தான். சக்கைப்பழமும் மாங்காயும் தீரும் வரை அவர்களை வீட்டுக்குள் பிடித்து வைக்க முடியாது. பிடித்து வைக்கவும் வேண்டாம்.

ஆனால் ஜூன் பிறந்தால் போதும். சீருடை, செருப்பு, குடை, பை என்று பெற்றோர்கள் ஓட ஆரம்பித்து விடுவார்கள். வடசேரி, தக்கலை, மார்த்தாண்டம் கடைகளில் நிற்க இடம் இருக்காது. இந்த ஓட்டத்தில் ஒரு விஷயத்தை நிறையப் பேர் பார்ப்பதே இல்லை. போன வகுப்பில் படித்தது பிள்ளைக்குத் தெரியுமா என்பதுதான் அது.

இதை எழுதுகிறவனும் ஏமாந்தவன்தான். என் மகன் 3-ம் வகுப்பு முடித்த லீவில், பேப்பரில் வந்த என் செய்தியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். ஒரு பெருமைக்காகத்தான். அவன் எழுத்து எழுத்தாகக் கூட்டி, நாலாவது வார்த்தையில் நிறுத்தி விட்டுத் தரையைப் பார்த்தான். ரேங்க் கார்டில் மார்க் எல்லாம் நல்லாத்தான் இருந்தது. பாடத்தை மனப்பாடம் செய்தே ஒப்பேற்றி இருக்கிறான். நானும் ஒவ்வொரு தடவையும் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்!

9-ம் வகுப்பில் தெரிந்தால் லேட்டு

2011 மக்கள்தொகை கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் நம்ம மாவட்டத்துக்கு. 91.75 சதவீதம். அந்தப் பெருமையிலேயே இருந்து விடக்கூடாது. தமிழகத்தில் 8-ம் வகுப்பு வரை பிள்ளைகளை ஃபெயில் ஆக்குவதில்லை. அது நல்லதுக்குத்தான். ஃபெயில் ஆக்கினால் எத்தனையோ பிள்ளைகள் பையைத் தூக்கிப் போட்டு விட்டு வேலைக்குப் போய் விடும். ஆனால் இதில் ஒரு சிக்கலும் உண்டு. பிள்ளை பின்தங்கி நிற்பது வீட்டுக்குத் தெரியாமலே போய்விடும். 9-ம் வகுப்பில் வந்து தெரியும்போது, அடுத்த வருஷம் 10-ம் வகுப்பு பொதுத்தேர்வு.

லீவு விட்டால் மறதி வருமா? அமெரிக்காவில் ஏற்கனவே நடந்த 39 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 1996-ல் ஒரு முடிவு சொன்னார்கள். கோடை லீவில் சராசரியாக ஒரு மாதப் படிப்பு கரைந்து போகிறது, கணக்குதான் அதிகம் மறக்கிறது என்றார்கள். வாசிப்பில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் தாக்குப் பிடித்து விடுகின்றன, ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் பின்னால் போகின்றன என்பதும் அதில் தெரிய வந்தது. மறதி இவ்வளவு இருக்காது என்று பிறகு வந்த சிலர் மறுத்தும் பேசி இருக்கிறார்கள்.

நாம் அமெரிக்கா வரைக்கும் போக வேண்டாம். நம்ம ஊரிலேயே ஒரு பெரிய லீவு வந்ததே, மறந்து போச்சா? கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடத்தை 1 முதல் 8-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ந்தேதிதான் திறந்தார்கள். அந்தச் சமயத்தில் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் வேறு 5 மாநிலங்களில் 16 ஆயிரம் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தது. 100-க்கு 92 பிள்ளைகள் மொழிப்பாடத்தில் தெரிந்திருந்த ஏதோ ஒன்றை மறந்திருந்தார்கள். கணக்கில் 82 பேர்.

சாயங்காலம் ஒரு மணி நேரம் செய்த வேலை

இனிமேல்தான் நமக்கு வேண்டிய விஷயம். 2021 அக்டோபர் 27-ந்தேதி விழுப்புரம் மாவட்டத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கியது. முதலில் எடுத்த 12 மாவட்டங்களில் குமரியும் ஒன்று. சாயங்காலம் 5 மணிக்கு மேல் பக்கத்து வீட்டுத் திண்ணையிலோ, சர்ச் வளாகத்திலோ, கோவில் பக்கத்திலோ அந்தத் தெரு அக்காவே பாடம் சொல்லிக் கொடுப்பார். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை.

இந்தச் சின்ன ஏற்பாடு பலன் தந்ததா? தமிழக கிராமங்களில் சுமார் 19 ஆயிரம் குழந்தைகளை ஆய்வு செய்தார்கள். 2021 டிசம்பரில் கணக்கிலும் தமிழிலும் ரொம்பப் பின்தங்கி இருந்த குழந்தைகள், 2022 மே மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டு விட்டார்கள். அந்த மீட்பில் ஏறக்குறைய கால்வாசிக்குக் காரணம் இந்தச் சாயங்கால வகுப்புதான்.

ஏ.சி. ரூம் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு பாய், ஒரு அக்கா, ஒரு மணி நேரம். அதை உங்கள் வீட்டுப் படிப்புரையிலும் செய்யலாம்.

எப்படிச் சோதிப்பது?

'எனக்கே எழுதப் படிக்கத் தெரியாது, நான் எங்க சொல்லிக் கொடுக்க' என்று அண்டி ஆபீசுக்குப் போகும் அம்மாவும், பால்வெட்டுக்குப் போகும் அப்பாவும் நினைக்கலாம். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் காது கேட்கும் அல்லவா? பிள்ளை சத்தமாக வாசிக்கும்போது எங்கே தடங்குகிறது என்று யாருக்கும் புரியும். பாடப்புத்தகத்தைக் கொடுக்காதீர்கள், அது மனப்பாடமாக இருக்கும். கடையில் பொதிந்து தந்த பழைய பேப்பரைக் கொடுங்கள். பஸ் போர்டை வாசிக்கச் சொல்லுங்கள்.

2-ம் வகுப்பு முடித்த பிள்ளை ஒரு சின்னக் கதையைத் தடங்காமல் வாசிக்க வேண்டும். 3-ம் வகுப்பு முடித்தால் 52-ல் 27 போனால் எத்தனை என்று கடன் வாங்கிக் கழிக்க வேண்டும். 5-ம் வகுப்பு முடித்தால் 845-ஐ 6-ஆல் வகுக்க வேண்டும். இவ்வளவுதான் சோதனை. தெரியவில்லை என்றால் அடிக்காதீர்கள், அசிங்கப்படுத்தாதீர்கள். எந்த இடத்தில் விட்டதோ அங்கே இருந்து பிடியுங்கள். 5-ம் வகுப்புப் பிள்ளைக்கு 2-ம் வகுப்புப் புத்தகம் வேண்டும் என்றால் அதை எடுத்துக் கொடுங்கள்.

தினமும் 20 நிமிஷம் சத்தமாக வாசிப்பு. பத்து வரி சொந்தமாக எழுத்து. அப்புறம் வாய்ப்பாடு. கணக்குக்கு கைடு எதற்கு? 3 கிலோ 400 கிராம் ரப்பர் ஷீட்டுக்கு எவ்வளவு வரும், ரேஷனில் எவ்வளவு மிச்சம், அம்மா ஏலத்தில் எடுத்த மீன் வட்டிக்கு என்ன லாபம் என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் 9-வது, 10-வது படிக்கும் அக்கா, அண்ணன் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் விடலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரையும் சேர்த்துக் கொண்டால் இன்னும் ஜோர்.

அடுத்த வகுப்புக் கைடை இப்போதே வாங்கி மனப்பாடம் செய்ய வைப்பவர்களும் உண்டு. காசுக்குக் கேடு. அஸ்திவாரம் ஆடும்போது மாடி கட்டலாமா? கராத்தே, டிராயிங் கேம்ப் எல்லாம் வசதி இருந்தால் அனுப்பலாம், தப்பில்லை.

கண்ணையும் பாருங்கள். கடைசி பெஞ்சில் இருந்து போர்டு தெரியாமல் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதும் பிள்ளையை மக்கு என்று சொல்லி விடுகிறோம். அரசு ஆஸ்பத்திரியில் கண் பரிசோதனை இலவசம். 5 வயசு, 10 வயசு பிள்ளைகளுக்குத் தடுப்பூசி பாக்கி இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ஜூன் மாதக் கஷ்டம்

மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு இல்லாத ஒரு கஷ்டம் நமக்கு உண்டு. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். பள்ளி திறப்பும் தடையும் ஒன்றாக வருகிறது. கிழக்கே சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை. அவர்களுக்கு லீவு முழுக்கவே வருமானம் இல்லை. ஜூனில் தென்மேற்கு பருவமழை பிடித்தால் பால்வெட்டும் நின்று விடும், கொத்தனார் வேலையும் குறையும். அதனால் மேற்குக் கரைக்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும் மே மாதத்திலேயே கொஞ்சம் ஒதுக்கி வைத்தால், ஜூனில் வட்டிக்காரரைத் தேட வேண்டாம்.

அரசு தரும் புத்தகம், நோட்டு, பை, செருப்பு, சீருடையைக் கேட்காமல் கடையில் வாங்கி விட்டு அப்புறம் வருத்தப்படுகிறவர்கள் நிறைய. உதவி பெறும் பள்ளிகளில், பிள்ளை எந்தப் பிரிவில் சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து இது மாறும். முதலில் பள்ளியில் கேளுங்கள். மழைக் காலத்தில் சீருடை காயாது. இரண்டு செட்டாவது கையில் வேண்டும்.

6-ம் வகுப்புக்குப் பள்ளி மாற்றுகிறவர்கள் இரண்டு தரம் யோசியுங்கள். 2020-ல் வந்த 7.5 சதவீத மருத்துவ இட ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத்தான். கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் (2022), தமிழ்ப் புதல்வன் (2024) திட்டங்களும் 6-ம் வகுப்பில் இருந்து எங்கே படித்தார்கள் என்று பார்த்தே வந்தவை. நடுவில் ஒரு வருஷம் மாற்றி விட்டு 12-ம் வகுப்பில் போய் நின்றால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. சேர்க்கும் முன்பே தலைமை ஆசிரியரிடம் இப்போதைய விதியைக் கேட்டு விடுங்கள்.

சாதி, வருமானச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் மே மாதமே மனு கொடுப்பது நல்லது. 5 வயசும் 15 வயசும் தாண்டிய பிள்ளைகளுக்கு ஆதாரில் கைரேகையைப் புதுப்பிக்க வேண்டும். ஜூனில் அங்கேயும் கூட்டம்தான். காலையிலேயே போய் டோக்கன் போட்டு விடுங்கள்.