ஊரில் விறகடுப்பை மாற்றுமுன்



பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பகுதிகளிலிருந்தும், இடுக்கி மாவட்டத்து மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு, குமுளிப் பகுதிகளிலிருந்தும் பிழைப்பைத் தேடி வெளியூர் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். விடுமுறைக்கு ஊர் போய்த் திரும்பும்போது பலர் மனத்திலும் ஓர் எண்ணம் எழுவதுண்டு. "அம்மா இன்னும் அந்தப் புகையிலேயே கிடக்கிறார்களே, அடுத்த தடவை வரும்போது அந்த அடுப்பை எடுத்துவிட வேண்டும்" என்பதே அது.

எண்ணியபடி சிலர் செய்தும் விடுகிறார்கள். ஆனால் அடுத்த ஆண்டு போய்ப் பார்த்தால், வாங்கிக் கொடுத்த புது அடுப்பு துணி போர்த்தி மேடையில் இருக்கும். சோறு மட்டும் பழைய அடுப்பிலேயே கொதித்துக்கொண்டிருக்கும். பெரியவர்களின் பிடிவாதம் என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. உண்மைக் காரணம் வேறு. பழைய அடுப்பு ஒரு வேலையா செய்தது? பல வேலைகளைச் செய்தது. அவை ஒவ்வொன்றுக்கும் மாற்று ஏற்பாடு செய்யாமல் அடுப்பை மட்டும் மாற்றினால், அது மாற்றமாகாது, கூடுதலாக ஓர் அடுப்பு வாங்கியதாகத்தான் ஆகும்.

புகை செய்யும் தீங்கு

விறகு முழுமையாக எரிந்தால் பெரும்பாலும் கரியமில வாயுவும் நீராவியும் சாம்பலுமே மிஞ்சும். காற்றுப் போதாமல், ஈரத்தோடு எரியும்போதுதான் கண்ணைக் கரிக்கும் புகை வருகிறது. அதில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும், நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும் மிக நுண்ணிய துகள்களும் இருக்கின்றன. நாள்பட்ட மூச்சடைப்பு நோய், இதய நோய், சிறு குழந்தைகளுக்கு நிமோனியா, பெண்களுக்குக் கண்புரை ஆகியவற்றோடு இந்தப் புகைக்குத் தொடர்புண்டு. வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 30 லட்சம் பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. "எங்கள் காலத்தில் எல்லோரும் இப்படித்தான் சமைத்தோம்" என்று பாட்டி சொல்வது சரிதான். அந்தப் பாட்டியின் தீராத இருமலுக்கு ஒரு காரணம் அந்த அடுப்பாகவும் இருக்கலாம்.

பழைய அடுப்பின் வேலைகள்

முதலில் ஒரு தாள் எடுத்து, அந்த அடுப்பு காலையிலிருந்து இரவுவரை என்னென்ன செய்கிறது என்று எழுதிப் பாருங்கள். சோறு, குழம்பு, காப்பி ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. குளிக்க வெந்நீர் அண்டா அதன் மேல்தான் ஏறும். மாட்டுக்குத் தீவனம் வேகவைப்பதும் அதிலேதான். மேலே இருக்கும் பரணில் விறகு காயும், மழைக்காலத்தில் ஈரத் துணியும் காயும். விதைக்கு எடுத்துவைத்த கதிர்களைப் பூச்சி அண்டாமல் காப்பதும் அந்தப் புகைதான்.

மலைப்பகுதியில் இன்னொரு பெரிய வேலை உண்டு. மூணாற்றில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலையில் வெப்பநிலை பூஜ்ஜிய டிகிரியை ஒட்டிக்கூட இறங்கும். அந்தக் குளிரில் வீட்டுக்குச் சூடு கொடுப்பது அடுப்பங்கரைதான். கேஸ் அடுப்பு இந்த வேலையைச் செய்யாது. இதற்கு வழி செய்யாமல் அடுப்பை எடுத்துவிட்டால், கரிச்சட்டியில் தணல் போட்டுப் படுக்கும் அறைக்குள் கொண்டுபோய் வைப்பார்கள். கதவு, ஜன்னல் அடைத்த அறையில் இது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். ஆகவே மலை வீட்டில் அடுப்பை மாற்றும் செலவோடு நல்ல கம்பளி, ஜன்னல் இடுக்கு அடைப்பு, காற்று வீசும் பக்கத்துக் கதவு ஆகியவற்றின் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பாலக்காட்டில் நடந்த முயற்சி

அடுப்பை மாற்றும் முயற்சி நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1962-ல் தொடங்கப்பட்ட கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், சைலன்ட் வேலி காட்டைக் காக்கப் போராடியதை வாசகர்கள் அறிவார்கள். அதே அமைப்பு 1980-களில் வீட்டு அடுப்பையும் கையில் எடுத்தது. அவர்கள் வடிவமைத்த புகையில்லா அடுப்பு கேரளம் முழுவதும் "பரிஷத் அடுப்பு" என்றே பெயர் பெற்றது. 1987-ல் பாலக்காட்டை அடுத்த முண்டூரில் அவர்கள் நிறுவிய ஒருங்கிணைந்த கிராமத் தொழில்நுட்ப மையம் இத்தகைய வேலைகளைத் தொடர்ந்தது.

இவ்வகை அடுப்பின் சூட்சுமம் எளிது. விறகு தரையில் எரியாமல் இரும்புச் சட்டத்தின் மேல் எரிகிறது. அடியிலிருந்து காற்று ஏறுகிறது, சாம்பல் கீழே விழுகிறது. தீ நாலாபுறமும் சிதறாமல் பாத்திரத்தின் அடியைத் தழுவிச் சென்று, அடுத்த குழியில் உள்ள பாத்திரத்தையும் சுடவைத்து, மிச்சப் புகை குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போகிறது. நம் வீடுகளில் இருந்த கொடியடுப்பும் இதே யோசனைதான். அதில் புகைபோக்கி ஒன்றுதான் குறை.

பரிஷத் பரப்பிய இன்னொரு பொருள் "சூடாறாப் பெட்டி". பெயரே விளக்கம். சூடு வெளியேறாதபடி உள்ளே அடைப்பு வைத்த பெட்டி அது. அரிசியைச் சில நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டுப் பானையோடு பெட்டியில் வைத்து மூடிவிட்டால், மீதி வேக்காடு தீயில்லாமலே நடந்துவிடும். வேக நேரமெடுக்கும் பாலக்காட்டு மட்டை அரிசி சாப்பிடும் வீடுகளுக்கு இது பெரிய மிச்சம். கேஸ் தீர்ந்துவிடும் என்று பயந்து சோற்றை மட்டும் விறகில் வைக்கும் அம்மாவுக்குப் புது அடுப்போடு இந்தப் பெட்டியையும் வாங்கிக் கொடுப்பது நல்லது.

ஏன் பல அடுப்புகள் நிலைக்கவில்லை?

மத்திய அரசும் 1980-களில் தொடங்கி 2002 வரை புகையில்லா அடுப்புத் திட்டம் ஒன்றை நடத்தி, கோடிக்கணக்கில் அடுப்புகளைக் கட்டித் தந்தது. அவற்றில் பல சில ஆண்டுகளிலேயே இடிந்தோ கைவிடப்பட்டோ போயின. பிற்காலத்தில் ஒடிசாவில் எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் செய்த ஆய்வு காரணத்தைக் காட்டியது. புகைபோக்கி வைத்த அடுப்பு கொடுத்த முதல் ஆண்டில் பெண்கள் சுவாசிக்கும் புகை குறைந்தது. பிறகு அந்தப் பலன் மறைந்துவிட்டது. வெடித்த அடுப்பைப் பூசவும், குழாயில் படிந்த கரியைத் தட்டவும் கவனிப்பு இல்லை, பயன்படுத்துவதும் குறைந்துபோனது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தமிழ்நாட்டில் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களையும், குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளையும் சேர்த்து 3,200 கர்ப்பிணிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவுகள் 2022 முதல் வெளிவந்தன. ஒரு பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பும், 18 மாதத்துக்கு இலவச சிலிண்டரும் வீடு தேடிக் கொடுக்கப்பட்டன. அவர்கள் அநேகமாக விறகைத் தொடவே இல்லை. சுவாசித்த நுண்துகள் மற்றவர்களோடு ஒப்பிட மூன்றில் ஒரு பங்காக இருந்தது. பிறந்த குழந்தைகளின் எடையில் எதிர்பார்த்த உயர்வு கிடைக்கவில்லை என்பதையும் அந்த ஆய்வாளர்கள் மறைக்காமல் சொன்னார்கள். நமக்கு இதில் பாடம் ஒன்று. அடுப்பு கொடுத்ததால் மட்டும் அவர்கள் மாறவில்லை, எரிபொருள் தடையின்றி வீட்டுக்கு வந்ததால் மாறினார்கள். ஆகவே வெளியூரிலிருந்து ஒரு தடவை அடுப்பு வாங்கி அனுப்புவதைவிட, மாதாமாதம் சிலிண்டருக்குப் பணம் அனுப்புவதே அதிகப் பயன் தரும்.

எரிபொருள் கணக்கு

நன்கு உலர்ந்த ஒரு கிலோ விறகில் சுமார் 15 மெகாஜூல் வெப்பம் உண்டு. ஒரு கிலோ சமையல் கேஸில் சுமார் 45. பழைய அடுப்பில் இந்த வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்குதான் பாத்திரத்துக்குப் போகிறது. நல்ல புகையில்லா அடுப்பில் 25 வரை போகும், கேஸ் அடுப்பில் 60-க்கு மேல். ஆக, 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் சமையலைப் பழைய அடுப்பில் செய்யச் சுமார் 210 கிலோ விறகு வேண்டும். நல்ல விறகடுப்பில் சுமார் 100 கிலோ போதும். விறகை விலைக்கு வாங்கும் வீட்டில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் பெரியவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். சித்தூர்ப் பக்கம் பனைமட்டையும் தென்னைமட்டையும் தோட்டத்திலேயே கிடைக்கும். தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டிய குச்சிகள் கிடைக்கும். அங்கே விறகுக்குக் காசு இல்லை, ஆனால் சுமப்பவரின் முதுகு இருக்கிறது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எப்படி மாற்றுவது?

ஒரேயடியாக இடிக்காமல் வேலைகளைப் பிரித்துக் கொடுப்பதே நல்ல முறை. அன்றாடச் சமையல் கேஸுக்குப் போகட்டும். காப்பி, பால், சோறு சூடாக்குதல் போன்றவற்றுக்கு இண்டக்ஷன் அடுப்பு போதும். ஆனால் அதற்கு அடி தட்டையான இரும்பு அல்லது காந்தம் ஒட்டும் எவர்சில்வர் பாத்திரம் வேண்டும். அலுமினியமும் மண்சட்டியும் சாதாரண இண்டக்ஷனில் சூடாகா. பழைய லயத்து வயரிங்கில் அதை மாட்டுமுன் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

வெந்நீர் அண்டாவையும் மாட்டுத் தீவனத்தையும் வீட்டுக்கு வெளியே, இரு பக்கம் திறந்த கொட்டகையில் ஒரு விறகடுப்புக்கு மாற்றலாம். வெந்நீரும் நிறைய விறகு தின்னும். அது வெளியே போனாலே அடுக்களைப் புகை வெகுவாகக் குறையும்.

வீட்டுக்குள்ளேயே விறகடுப்பு வேண்டுமென்றால் புகைபோக்கி கூரை முகட்டுக்கு மேலே எழும்ப வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் மலைக்காற்றும் புகையைத் திருப்பி உள்ளே தள்ளாதபடி உச்சியில் தொப்பி மூடி வைக்க வேண்டும். மாதம் ஒரு தடவை கரி தட்ட வேண்டும். கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் உலர்ந்த நிலையில் அறுக்கவோ உடைக்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். விறகை மழைக்கு முன்பே, மார்ச் மாதத்திலேயே பிளந்து காயவைத்துவிட்டால் பாதிப் புகை தொலையும்.

தோட்ட லயத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். அந்த வீடு கம்பெனியுடையது. கூரையில் துளை போடுமுன் அனுமதி கேட்க வேண்டும். ஓய்வு பெற்றதும் காலி செய்ய வேண்டிவரும் என்பதால், கட்டிவைக்கும் அடுப்பைவிட எடுத்துச் செல்லக்கூடிய அடுப்பே அங்கே ஏற்றது. வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய முத்திரையைப் பாருங்கள். வரிசை வீட்டில் நம் புகைபோக்கி பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேராக நிற்கக்கூடாது என்பதையும் சொல்லத் தேவையில்லை.

கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு பரவும். ஆகையால் சிலிண்டரை நிமிர்த்தித் தரையிலும், அடுப்பை அதைவிட உயரமான மேடையிலும் வையுங்கள். எரியும் விறகடுப்புக்குப் பக்கத்தில் சிலிண்டரை ஒருபோதும் வைக்கக்கூடாது. ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கசிவு தெரிந்தால் 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யச் சொல்லிக் கொடுங்கள். வெளியூரில் குடியிருக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு ஒரு செய்தி: 2021 ஆகஸ்டில் தொடங்கிய உஜ்வலா இரண்டாம் கட்டத்தில், இடம்பெயர்ந்தவர்கள் முகவரிக்குச் சுய அறிவிப்பு கொடுத்தாலே போதும் என்று விதி தளர்த்தப்பட்டது. அருகிலுள்ள கேஸ் ஏஜென்சியில் விசாரித்துப் பாருங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு மிஞ்சுவது ஒன்றே. எந்த அடுப்பு, எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் என்பதைப் பணம் அனுப்பும் மகனோ மருமகனோ தனியே முடிவு செய்ய வேண்டாம். அடுப்பின் முன்னால் நிற்கப்போகும் அம்மாவையும் அண்ணியையும் கேட்டு, அவர்கள் கைக்கு எட்டும்படி அமையுங்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த அடுப்பே நாள்தோறும் எரியும். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, சுவரில் புதுக் கரி படியாத அடுக்களையில் அவர்கள் கையால் ஒரு காப்பி குடித்துவிட்டு வாருங்கள்.